முதலிடத்துத் தும்மல்

எண்பத்து நாலாம் ஆண்டு ஆவணி மாதம் ரஞ்சிதமலரின் பாட்டு இங்கிலாந்தின் இசைத்தட்டு விற்பனை வரிசையில் நாற்பதாம் இடத்தைப் பிடித்தது. அதனால் அவளும் கணவர் குணநாயகமும் லண்டன் ஈஸ்ட்ஹாம் வீட்டைப் பூட்டிவிட்டு நாற்பதாம் வீட்டுக்குக் குடிபோனார்கள்.

பாட்டு விற்றால் அப்படித்தான் செய்யவேண்டும். தெரு ஒரு மேட்டில் ஏறியது. அடியில் நாற்பதாம் வீடு, உச்சியில் முதலாம் வீடு. ஞாயிறு பின்னேரம் வானொலியில் அந்த வாரத்து வரிசையை வாசிப்பார்கள். வாசித்து முடிந்ததும் எல்லாரும் கதவைத் திறந்து, தட்டுமுட்டுச் சாமான்களைத் தள்ளுவண்டியில் ஏற்றி, தங்கள் புது இலக்கத்துக்குப் போவார்கள். ஏறுகிறவர்கள் இடப்பக்கம், இறங்குகிறவர்கள் வலப்பக்கம். இறங்குகிறவர்கள் வானிலையைப் பற்றி மட்டும் பேசுவார்கள்.

உண்மையில் அது பாட்டே அல்ல. யாழ்ப்பாணத்துக் கொடிகாமத்தில் இருந்த அக்கா நாகபூசணிக்கு ரஞ்சிதமலர் ஒலிநாடாவில் பேசி அனுப்பியது. அக்காவிடமிருந்து பல மாதமாக ஒரு சேதியும் இல்லை. குளிரைப் பற்றியும், இங்கத்தைய வெண்டிக்காய் முற்றலைப் பற்றியும், மாடிப்படியில் படுக்கும் பூனையைப் பற்றியும் சொல்லிக்கொண்டு போனவளுக்கு நடுவில் அழுகை வந்துவிட்டது. அதைக் காட்டாமலிருக்கக் கொஞ்சம் ராகம் இழுத்தாள். சரியாக அந்த இடத்தில் பின்னாலிருந்து குணநாயகம் தும்மினார். தபால்காரர் விலாசம் மாறி ஒலிநாடாவை ஒரு இசைத்தட்டுக் கம்பனியில் போட்டுவிட்டார். கம்பனி எதையும் மாற்றாமல் அதை இசைத்தட்டாக வெளியிட்டது.

அந்த ஆண்டு இங்கிலாந்தில் எல்லாரும் மின்விசைப்பலகை வாசித்தார்கள். எல்லாருடைய தலைமயிரும் மேல்நோக்கி நின்றது. தும்மல் மட்டும் ஒருவரிடமும் இல்லை. பிள்ளைகள் இசைத்தட்டை அந்த இடத்துக்கு இழுத்து இழுத்துக் கேட்டார்கள். ரஞ்சிதமலர் முப்பத்தோராம் வீட்டுக்கு ஏறினாள். பிறகு இருபதாம் வீட்டுக்கு. அங்கே முன்பு குடியிருந்தவர்களின் மேடைப் புகை இயந்திரம் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. சோற்றுப் பானையைக் கையால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

பன்னிரண்டாம் வீட்டில் இருந்தபோது டெரன்ஸ் சீனி வாங்க வந்தான். அவன் இரண்டாம் வீட்டுக்காரன். கப்பல்களுக்கு வழிகாட்டும் ஒரு வெளிச்சவீட்டைக் காதலிப்பதாகப் பாடியிருந்தான். தை மாதத்திலிருந்து அவன் இரண்டாம் வீட்டைவிட்டு மேலும் போகவில்லை, கீழும் வரவில்லை. அந்தத் தெருவில் யார் எந்த மொழியில் பேசினாலும் கேட்பவருக்குத் தங்கள் ஊர்ப் பேச்சாகவே கேட்கும். அதனால் அவன் பேச்சு ரஞ்சிதமலருக்கு நன்றாக விளங்கியது.

"முதலாம் வீட்டுக் கூரையில ஒரு வானொலி ஏரியல் இருக்குது" என்றான் டெரன்ஸ். "அங்க இருக்கிற ஆளின்ர பாட்டு மட்டும் கடல் தாண்டிக் கேக்கும்."

"எந்தக் கடல்?"

"எல்லாக் கடலும்."

"ரெண்டாம் வீட்டில?"

"ரெண்டாம் வீட்டில நல்ல அலுமாரி இருக்குது."

சீனியை வாங்கிக்கொண்டு அவன் போய்விட்டான். ரஞ்சிதமலர் கதவைச் சாத்தாமல் அப்படியே நின்றாள். அக்கா சமைக்கும்போது எப்போதும் வானொலி போட்டிருப்பாள். எந்த நாட்டு நிலையம் என்று பார்ப்பதில்லை. சத்தம் வந்தால் போதும். அதுவரை அவள் இலக்கங்களைப் பொருட்படுத்தியதே இல்லை. அன்று முதல் அவள் சாமான்களைப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கவில்லை.

ஏழாம் வீட்டுக்கு வந்ததும் அவர்களை வியாழக்கிழமைத் தொலைக்காட்சிக்குக் கூப்பிட்டார்கள். அங்கே யாரும் பாடுவதில்லை. இசைத்தட்டைப் போடுவார்கள், வாயசைத்தால் போதும். ரஞ்சிதமலருக்கு அது எளிதாக இருந்தது. குணநாயகம்தான் வேர்த்து விறுவிறுத்துப் போனார். நீர் வாயை அசைக்கலாம், தும்மலை எப்படி அசைக்கிறது என்று அவர் கேட்டார். மிளகுத்தூள் கொண்டுபோனார்கள். அதை முகர்ந்தும் ஒன்றும் நடக்கவில்லை. கமரா அவரை நோக்கித் திரும்பியது. பார்த்துக்கொண்டிருந்த இளம் பெண்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அப்போது மேடைப் புகை மூக்கில் ஏறி, அவர் ஒன்றுக்கு இரண்டாகத் தும்மினார். மண்டபம் அதிர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மூன்றாம் வீட்டில் இருந்தார்கள். குணநாயகம் தலைமயிரை மேல்நோக்கி வாரத் தொடங்கினார்.

மார்கழியில் யேசு பிறந்த நத்தார் வாரத்து முதலிடம்தான் ஆண்டிலேயே பெரிய முதலிடம். அந்த ஞாயிறு தெருவில் நாற்பது வீட்டாரும் வாசலில் நின்றார்கள். வானொலிக்காரர் கீழிருந்து வாசித்துக்கொண்டு வந்தார். மூன்று என்றார். அது ஒரு பாடசாலைப் பாடகர் குழு. இரண்டு என்றபோது தெருவே டெரன்ஸைப் பார்த்தது. டெரன்ஸ் தன் அலுமாரியைப் பார்த்தான். ரஞ்சிதமலர் மிச்சத்தைக் கேட்கவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். சட்டிகள் உருண்டு விழுந்தன. பின்னால் வந்த குணநாயகம் அவற்றைப் பொறுக்கிக்கொண்டு சனங்களுக்குக் கையசைத்தார்.

முதலாம் வீட்டுக் கூரையில் ஏரியல் இருந்தது. தென்னை ஈர்க்கு அளவு மெல்லியது. அது நடுங்கத் தொடங்கியபோது ரஞ்சிதமலரும் நடுங்கினாள்.

அடுத்த ஞாயிறு வானொலிக்காரர் நாற்பதாம் இடத்தில் ஒரு புதுப் பாட்டு என்றார். முதலில் உரலில் மிளகாய் இடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு குரல் வந்தது. "எடியே, உலகம் முழுக்கக் கேக்க ஏன் அழுகிறாய்? உன்ர மனுசனுக்குத் தடிமன், மூக்கு ஒழுகுது. கொத்தமல்லி அவிச்சுக் குடு."

அது அக்காவின் குரல். ரஞ்சிதமலர் ஜன்னலுக்கு ஓடினாள். மேட்டின் அடியில், நாற்பதாம் வீட்டு வேலியில், யாரோ ஒரு சேலையை விரித்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். பாட்டு வரிசையில் வந்தால் வீட்டுக்கு வரத்தானே வேண்டும். அக்கா வந்திருந்தாள்.

முதலாம் வீட்டுக் கதவு உள்ளேயிருந்து திறக்காது. வேறொருவர் முதலிடம் பிடித்தால்தான் திறக்கும். புது ஆண்டு பிறந்த பிறகும் சனங்கள் தும்மலை வாங்கிக்கொண்டே இருந்தார்கள். நாற்பதாம் வீட்டில் தொடங்கிய அக்கா உரல் சத்தத்தோடு மெல்ல மெல்ல ஏறினாள். நடன மண்டபங்கள் அந்தத் தாளத்துக்குத்தான் காத்திருந்தன. ஆனால் அவள் உச்சிக்கு வந்தால் ரஞ்சிதமலர் இறங்கிப் போகவேண்டும். ஒரு வீட்டில் ஒரு பாட்டுத்தான். ஞாயிறு தவிர மற்ற நாளில் மேல் இருபது வீட்டாரும் கீழ் இருபது வீட்டாரும் ஒருவர் பக்கம் ஒருவர் போகவும் கூடாது. இருவரும் ஒரே தெருவில் நின்று பேச வேண்டுமென்றால் வழியில் சந்திக்க வேண்டும். அதற்கு இவள் இப்போதே விழவேண்டும்.

அவள் கணவரிடம் போனாள். அவர் கண்ணாடி முன் நின்று மூக்கைப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சாருங்கோ, அந்தத் தும்மலைத் திருப்பி எடுங்கோ."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே பெண்கள் அவருடைய பெயரைச் சொல்லி ஆர்ப்பரிப்பது கேட்டது. பெற்றோல் நிலையத்தில் வேலைசெய்த காலத்தில் அந்தப் பெயரை ஒருவராலும் சொல்ல முடிந்ததில்லை.

"எனக்கு வேற ஒண்டும் பாடத் தெரியாதப்பா" என்றார்.

"அது எனக்குத் தெரியும்."

"உம்மட அக்கா எத்தினையாம் வீட்டில நிக்கிறா?"

"முப்பத்தாறு."

குணநாயகம் தலைமயிரைத் தண்ணீர் தொட்டுப் படிய வாரினார். ஜன்னலைத் திறந்தார். சனங்கள் அமைதியானார்கள். அவர் மூக்கை ஒருமுறை பலமாக உறிஞ்சினார். அவ்வளவுதான். நாடெங்கும் இசைத்தட்டுகளில் தும்மல் இருந்த இடம் வழவழப்பாகிப் போனது. சனங்கள் கடைகளுக்கு ஓடிப்போய் இசைத்தட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஞாயிறு பின்னேரம் டெரன்ஸ் முதலாம் வீட்டுக்கு வந்தான். வாசலில் நின்றுகொண்டு, உள்ளே வரலாமோ என்று பலமுறை கேட்டான். ரஞ்சிதமலர் அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்து விட்டாள். அவன் கம்பளத்தில் முகம் புதைத்து அழுதான். அலுமாரியையும் தள்ளிக்கொண்டுதான் வந்திருந்தான்.

ரஞ்சிதமலர் முதலில் ஒன்பதாம் வீட்டுக்கு விழுந்தாள். வலப்பக்கத்தில் சிரித்துக்கொண்டு இறங்கிய முதல் ஆள் அவள்தான் என்று தெரு பேசிக்கொண்டது. அடுத்த ஞாயிறு அவளுக்கு இருபத்து நாலாம் வீடு. அக்காவுக்கு இருபத்தொன்பதிலிருந்து பதினேழு. வரிசையை வாசித்து முடிப்பதற்குள்ளேயே இரண்டு வண்டிகளும் தெருவில் இருந்தன. ரஞ்சிதமலரின் வண்டி மேட்டில் தானாகவே ஓடியது. அவளால் அதைப் பிடிக்க முடியவில்லை, பிடிக்கவும் விருப்பமில்லை.

பத்தொன்பதாம் வீட்டுக்கு முன்னால் அவர்கள் சந்தித்தார்கள். நாகபூசணியின் வண்டியில் உரல் மட்டும் இருந்தது. இருவருக்கும் மூச்சு வாங்கியது.

"மெலிஞ்சு போனாய்" என்றாள் நாகபூசணி.

"எப்பிடியக்கா வந்தனீங்கள்?"

"பஸ்ஸில."

பின்னால் வந்த வண்டிகள் மணியடித்தன. ஏறுகிறவர்கள் ஏறச் சொன்னார்கள், இறங்குகிறவர்கள் இறங்கச் சொன்னார்கள். ரஞ்சிதமலர் தன் வண்டியை ஓரமாகச் சாய்த்துவிட்டு அக்காவின் வண்டியைப் பிடித்துத் தள்ளத் தொடங்கினாள். அப்படியானால் எங்கள் வீட்டுக்கு யார் போவது என்று குணநாயகம் கேட்டார். ஒருவரும் போகவேண்டாம் என்றாள். அவர் சற்று யோசித்துவிட்டு உரலை மற்றப் பக்கத்தால் தாங்கிப் பிடித்தார். மூவரும் பதினேழாம் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள். விடியும்வரை பேசினார்கள். நாகபூசணி ஊரில் நடந்ததையெல்லாம் சொன்னாள். சில இடங்களில் மிளகாய் இடித்தாள்.

அடுத்த ஞாயிறு வானொலிக்காரர் இருபத்து நாலாம் இடத்தின் பெயரை வாசித்துவிட்டு இசைத்தட்டைப் போட்டார். வீட்டில் ஆள் இல்லாததால் மூன்று நிமிடம் ஒரு சத்தமும் வரவில்லை. நாடு முழுக்க வேலையை விட்டுவிட்டு அதைக் கேட்டது. மறுநாள் கடைகளில் வரிசை நின்றது.

மாசி மாதம் அந்த மௌனம் வேகமாக ஏறி அவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தது. நாகபூசணி இடிப்பதை நிறுத்தி, சத்தம் கூடிப்போச்சோ என்று கேட்டாள். ரஞ்சிதமலர் சுவரில் காதை வைத்துப் பார்த்தாள். அந்தப் பக்கத்திலிருந்து குறையோ முறைப்பாடோ ஒன்றும் இல்லை.