முப்பத்தாறு கபனில் நாலு

1955 மார்ச் ஆறாம் திகதி ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பின், மருதமுனை ஜனாஸா உதவிச் சங்கத்தின் அலுமாரி திறக்கப்பட்டது. இறந்தவர்களைச் சுற்றி அடக்கும் கபன் துணிகள் முப்பத்தாறு இருக்க வேண்டிய இடத்தில் முப்பத்திரண்டு இருந்தன.

சங்கம் என்று பெயர் வந்து ஒரு மாதம்தான். அதற்கு முன் பதினொரு வருடம் அது அப்துல் ஸமட் ஒருவரின் வேலையாக இருந்தது. யுத்தகாலத்தில் துணி கூப்பனுக்கு வந்தபோது, மையத்து உடலைப் போர்த்தக் கபனுக்கு வழியில்லாத வீடுகளைக் கண்டு தொடங்கியது. பாவு நூல் நெய்து முடிந்து தறியிலிருந்து இறங்கும்போது கடைசி முழங்களை நெசவாளர்கள் அவருக்கென்று விட்டுவிடுவார்கள். அலுமாரி அவர் வீட்டு மண்டபத்தில். சாவி கதவுக்குப் பின்னால் ஆணியில். கேட்டு வந்தவருக்குக் கொடுப்பார். பெயரை எழுத மாட்டார். தருமம் வாங்கியவரின் பெயரை எழுதி வைப்பது அவரை முச்சந்தியில் நிறுத்துவதற்குச் சமம் என்பது அவர் எண்ணம்.

இந்த வருடம் சாய்ந்தமருதுத் தறிக்காரர்களும் சேர முன்வந்தார்கள். ஆனால் தனியாள் வீட்டு அலுமாரிக்குத் துணி தர மாட்டோம், கமிட்டி வேண்டும் என்றார்கள். கமிட்டி வந்தது. தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் பதியுதீன். செயலாளர், கல்முனையில் புடவைக் கடை வைத்திருந்த ஜவுபர். அலுமாரியை எண்ணி முப்பத்தாறு என்று குறித்தவர் ஜவுபர்தான்.

எண்ணிய மறுநாளே ஸமட் அறுவடைக்காக நாவிதன்வெளிக்குப் போய் மூன்று வாரம் நின்றார். அந்த நாட்களில் ஜவுபர் வீட்டுக்கு வந்து, பூச்சி உருண்டை போட வேண்டும் என்று சாவியைக் கேட்டு வாங்கி அலுமாரியைத் திறந்திருந்தார். ஸமட்டுக்கு அது போதும். இலவசக் கபனில் புடவைக் கடைக்காரனுக்கு என்ன வேலை? தன் பெயரைக் கெடுத்து, சங்கத்தைக் கையில் எடுத்து, பட்டினசபைத் தேர்தலில் நிற்கப் பார்க்கிறான்.

திங்கட்கிழமை காலையிலேயே ஸமட் ஜவுபரின் கடைக்குப் போனார். வெள்ளைத் துணிகளைத் தூக்கித் தூக்கிக் கரையைத் திருப்பிப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார்.

"என்ன காக்கா, மௌத்தானது ஆரு?" என்று அண்ணன் முறை சொல்லி மரணச் செய்தி விசாரித்தார் ஜவுபர்.

"ஒருத்தருமில்ல. சும்மா பாக்கன்."

"சும்மா பாக்கிறவரு மோந்தும் பாக்கிறீங்களே! பூச்சி உருண்ட மணக்குதா?"

எல்லாமே மில் துணி, அலுமாரியிலிருந்ததுபோல் கைத்தறி ஒன்றுமில்லை. ஆனாலும் ஸமட்டின் சந்தேகம் குறையவில்லை. எடுத்தவன் அதைக் கடையிலா அடுக்கி வைப்பான்? இந்தச் சிரிப்பு வேறு.

காணாமற்போன நாலுக்கும் வெள்ளிக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் சேரமாட்டோம் என்று சாய்ந்தமருதுத் தறிக்காரர்களின் சார்பில் சரீப் என்பவர் ஆள் அனுப்பியிருந்தார். மருதமுனையிலும் அந்த வாரம் இறங்கிய பாவுகளிலிருந்து ஒரு முழம்கூட வரவில்லை. இப்படியே போனால் மாரிக்குள் அலுமாரி வெறுமையாகிவிடும்.

வியாழக்கிழமை ஸமட் மனைவியிடம் சொன்னார்: "நாளைக்கு எல்லாருக்கும் முன்னால அவன்ட பேரச் சொல்லிக் கேக்கப் போறன். ஒண்டு அவன் வெளிய போகணும், இல்லாட்டி நான்."

அரிசி புடைத்துக்கொண்டிருந்த கைருன்னிஸா சுளகைக் கீழே வைத்தாள்.

"அந்த மனிசன இழுக்காதீங்க. நாலையும் குடுத்த நான்தான்."

"நீயா?"

"ஓம். நாலும் பொம்புள மையத்து. ஊட்டுப் பொம்புளயள் பின்வாசலால வந்து கேட்ட. இப்ப மட்டுமில்ல, பதினொரு வருசமாக் குடுக்கன்."

"ஏன் எனக்கிட்டச் சொல்லல்ல?"

"ஆரு எவரு எண்டு கதைக்கக்கூடா எண்டு சொன்னவரு நீங்கதானே. என்னட்டக் கேட்டிருந்தா நாலு எண்டாவது சொல்லியிருப்பன். நீங்க அவர்ட கடைக்குப் போய்த் துணிய மோந்து திரிஞ்சீங்க."

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பின், இரண்டு ஊராரும் கூடிய கூட்டத்தில் ஸமட் எழுந்து உள்ளதைச் சொன்னார். யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

"நல்ல யாவாரம்," என்றார் சரீப். "மாட்டிக்கிட்டா பொஞ்சாதிட தலையில போடுற."

இரண்டுபேர் சிரித்தார்கள். ஜவுபர் சிரிக்கவில்லை. "ஸமட் காக்காவ நம்பச் சொல்லி நான் கேக்கல்ல. பொம்புள மையத்துக் குளிப்பாட்டுற சல்மா உம்மாட்டக் கேட்டுப் பாப்பம்."

சல்மா உம்மாவை அழைத்துவந்து திரைக்கு அப்பால் இருத்தினார்கள். "நாலு," என்றாள். "நாலும் இந்த அலுமாரித் துணிதான். பேர் கேட்டீங்கெண்டா நான் எழும்பிப் போயிருவன்."

"பேர் வேணா, உம்மா. எத்தினை எண்டது போதும்," என்றார் பதியுதீன்.

ஜவுபர் ஏன் தன் பக்கம் பேசினார் என்பது ஸமட்டுக்கு விளங்கவில்லை. இதிலும் ஏதோ இருக்கும் என்றே நினைத்தார். அலுமாரிக்கு இரண்டு பூட்டு, இரண்டு ஊருக்கும் ஒவ்வொரு சாவி என்று பதியுதீன் சொன்னதும் கொதித்துப்போனார்.

"சாவி ரெண்டும் வந்து சேருமட்டும் மௌத்தானவரு காத்துக் கிடக்கிறதா, மாஸ்டர்?"

அது நியாயமான கேள்வி என்று சரீப் உட்பட எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். நேரம் எடுத்துப் பேசினார்கள். மூன்று கபன் பள்ளிவாசலிலும் மூன்று கைருன்னிஸாவிடமும் பூட்டில்லாமல் இருக்கும். மற்றவை இரண்டு பூட்டுக்குள். பெயர் எழுதுவதில்லை. மையத்துக் குளிப்பாட்டுகிறவர்கள் மாதம் ஒருமுறை எண்ணிக்கையைச் சொல்ல, கமிட்டி அதை அலுமாரியோடு ஒத்துப் பார்க்கும். கமிட்டிக்காரர் யாரும் சங்கத்துக்குத் துணி விற்கக் கூடாது என்பதையும் ஸமட் சேர்க்கச் சொன்னார். முதலில் கை தூக்கியவர் ஜவுபர்.

சாவிகள் பதியுதீனிடமும் சரீப்பிடமும் போயின. ஸமட் சாதாரண அங்கத்தவரானார். ஏப்ரலில் சாய்ந்தமருதுத் தறிகள் நாற்பது சேர்ந்தன. அடுத்த வருடம் அட்டாளைச்சேனையிலிருந்தும் ஆட்கள் வந்து கேட்டார்கள். அங்கே அதே விதிகளோடு ஒரு கிளை தொடங்கப்பட்டது.