பெஞ்சின் இடது பக்கம்

அவர் இடது பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார், படச் சட்டத்துக்கு வெளியே, நான் வெட்டி நிறுத்திய விளிம்புக்கு அப்பால் எதையோ, கண் இரண்டும் நனைந்து பளபளக்கின்றன, கன்னத்தில் இருபது நாள் வெள்ளைத் தாடி, சிமெண்டு பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு வெற்றிடம், அந்த வெற்றிடத்தில் சிதறிக் கிடக்கும் கடலைத் தோல், ராயபுரம் கல்மண்டபம் பேருந்து நிறுத்தம், சனிக்கிழமை காலை பதினொன்றரை, இந்த முகத்தை எத்தனை முறை பார்த்துவிட்டேன், கண்ணை மூடினால் இமைக்கு உட்புறம் ஆணியடித்துத் தொங்குகிறது, மூன்றடிக்கு இரண்டடி, கறுப்பு வெள்ளை, தலைப்பு தனிமை, பரிசு இரண்டாவது, முதல் பரிசு ஒரு நாய்க்குப் போயிற்று, அதுவும் தனியாக நின்ற நாய்தான்.

எங்கள் புகைப்படக் கூட்டத்துக்குச் சனிக்கிழமை நடை என்று பெயர், பேரிலேயே சனி உட்கார்ந்திருக்கிறதே என்று என் மனைவி அப்போதே சொன்னாள், நான் கேட்கவில்லை, பதினோரு பேர், கல்லூரி நூலகர் நான், ஒரு பல் வைத்தியர், இரண்டு மென்பொருள்காரர்கள், மற்றவர்கள் ஓய்வு பெற்றவர்கள், எல்லாரும் ஏழு மணிக்கு ஓட்டலில் பொங்கல் வடை முடித்து, டிகிரி காப்பியும் குடித்து, அதன் பிறகு மனிதகுலத்தின் பசியைத் தேடிக் கிளம்புவோம், முன்னால் ஞானவரதன் நடப்பார், எங்கள் ஆசான், வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், பதினான்கு பை வைத்த கையில்லாத அங்கி போட்டிருப்பார், பன்னிரண்டு பையில் ஒன்றுமில்லை, ஒன்றில் சர்க்கரை மாத்திரை, ஒன்றில் தன் பெயர் அச்சடித்த அட்டைகள், அவர் வகுத்த சட்டங்கள் மூன்று, தெருவில் எடுக்கும் முகம் சிரிக்கக் கூடாது, வண்ணம் கூடாது, இரண்டு பேர் இருந்தால் அது குடும்பப் படம், ஒருத்தர் இருந்தால்தான் கலை, நடை முடிந்ததும் டீக்கடை பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து அழிப்போம், கருணையில்லாமல் அழியுங்கள் என்பார், சிரித்ததை, இருவர் இருப்பதை, வெளிச்சம் பார்க்க எடுத்த முதல் படத்தை, பதினோரு கட்டைவிரல்கள் ஒரே நேரத்தில் அமுங்கும், பிரார்த்தனைக் கூட்டம் மாதிரி அமைதியாக இருக்கும், டீ ஆறிப்போகும்.

அந்தப் பெஞ்சுப் பெரியவரை நான் தூரத்திலேயே கண்டுகொண்டேன், என்ன முகம், என்ன தாடி, ஆனால் பக்கத்தில் ஓர் அம்மாள், பச்சைச் சேலை, மடியில் மஞ்சள் பை, ஓயாமல் பேசிக்கொண்டே கடலை உரித்து ஒன்றைத் தன் வாயில் போட்டு ஒன்றை அவர் உள்ளங்கையில் வைக்கிறார், வாய்க்கு ஒன்று கைக்கு ஒன்று, வெளிச்சம் பார்க்க ஒரு படம் எடுத்தேன், அந்த அம்மாளின் வாய் பாதி திறந்திருந்தது, பெரியவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மூக்கு விடைக்க இருந்தார், கலைக்கு எந்த வகையிலும் உதவாத படம், அம்மா நீங்க கொஞ்சம் தள்ளிக்குங்க என்றேன், ஏன் என்று கேட்கவில்லை, நம் ஊரில் கழுத்தில் பெரிய காமிரா தொங்கினால் அரசாங்கமே வந்தது மாதிரிதான், எழுந்து மூன்று எட்டு வைத்து மின்கம்பத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார், பையை இரண்டு கையாலும் பிடித்தபடி, பெரியவர் திரும்பி இடது பக்கம் பார்த்தார், நான் அமுக்கினேன், அமுக்கியபோது உள்ளுக்குள் ஏதோ நிறைந்த மாதிரி இருந்தது, அதைக் கலை என்று நினைத்துக்கொண்டேன், பொங்கலாகவும் இருந்திருக்கலாம், பிறகு டீக்கடை, முதல் படம், கட்டைவிரல், போயிற்று.

பரிசு கொடுத்த நடுவர் சொன்னார், இவர் சூனியத்தைப் பார்க்கிறார், கண்ணில் ததும்புவது ஒரு தலைமுறையின் துயரம், அந்தக் கடலைத் தோல் உடைந்து சிதறிய வாழ்வின் குறியீடு, நான் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன், அடக்கமாக இருப்பது எப்படி என்று முந்தின நாளே கண்ணாடி முன்னால் பழகியிருந்தேன், ஒரு நாளிதழின் ஞாயிறு இணைப்பில் கண்காட்சி நடக்கும் இடத்தையும் குறிப்பிட்டுப் படத்தைப் போட்டார்கள், கீழே நான்கு வரி எழுதித் தரச் சொன்னார்கள், நான் எழுதினேன், உற்றாரும் கட்டியவளும் கைவிட்டபின் ஒரு பெஞ்சு மட்டும் தாங்குகிற கேட்பாரற்ற முதுமை இது என்று ஆரம்பித்து, மீதி மூன்று வரி இப்போது நினைத்தால் காது சுடுகிறது, அந்த ஆள் பெயர் என்ன என்று அன்றைக்குக் கூட நான் கேட்டிருக்கவில்லை.

கண்காட்சியின் கடைசி நாள், திங்கட்கிழமை, கூடத்தில் விசிறி சுற்றும் சத்தம் மட்டும், ஞானவரதன் கல்லூரிப் பிள்ளைகள் நான்கு பேருக்கு நிழலைப் பற்றி வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கிறார், பச்சைச் சேலை ஒன்று வந்து என் படத்தின் முன்னால் நிற்கிறது, நகரவே இல்லை, பாமரருக்கும் புரிகிறதே என்று பூரித்துப் பக்கத்தில் போய் அடக்கமான முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டு, எப்படிம்மா இருக்கு என்று கேட்டேன், அந்த அம்மாள் படத்திலிருந்து கண்ணை எடுக்காமல், நான் எங்க சார் என்றார். எனக்குப் புரியவில்லை, அவர் விரலை நீட்டி அந்த வெற்றிடத்தைத் தொட்டார், நடுவர் குறியீடு என்ற இடத்தை, இங்கதான உக்காந்துனு இருந்தேன், நீதான தள்ளிக்கச் சொன்ன, இந்தத் தோலுல பாதி நான் துன்னது. அதன் பிறகு ஒவ்வொன்றாக அவிழ்ந்தது, வெங்காயம் உரிக்கிற மாதிரி, படத்தில் இருப்பவர் பெயர் ஏகாம்பரம், மரக்கடையில் குமாஸ்தாவாக இருந்தவர், இந்த அம்மாள் அவர் மனைவி பூங்காவனம், அன்றைக்குக் கண்ணாஸ்பத்திரியிலிருந்து வருகிற வழி, பரிசோதனைக்குச் சொட்டு மருந்து ஊற்றியிருந்தார்கள், தலைமுறையின் துயரம் அதுதான், கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிய வேண்டும் என்று பூங்காவனம் திருப்பதிக்கு வேண்டிக்கொண்டிருந்தார், தாடி அந்த வேண்டுதல், அப்படியானால் அவர் சூனியத்தைப் பார்த்தது, என்று இழுத்தேன், என்னையதான் பாத்துனு இருந்தாரு, மருந்து ஊத்துனதுல எம்மூஞ்சி மங்கலா தெரியுதாம், எங்க போய்ட்டேன்னு தேடினு இருந்தாரு.

இப்போது அவர் வீட்டில் இல்லை என்றார், அரக்கோணத்தில் இருக்கும் நாத்தனார் கஸ்தூரி அந்த நாளிதழைப் பார்த்துவிட்டு மறுநாளே கார் வைத்துக்கொண்டு வந்தாளாம், எங்கண்ணனைத் தெருவுல உக்கார வச்சிட்டியா, பேப்பர்லயே வந்துடுச்சே என்று தெருவே கூடும்படி கேட்டுவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள், ஏகாம்பரம் மனைவியிடம் பேசும்போது கடலை கேட்பார், தங்கை எது சொன்னாலும் தலையை மட்டும் ஆட்டுவார், அப்படிப்பட்ட மனிதர், வெள்ளிக்கிழமை ஆபரேஷனுக்கு நாள் கொடுத்திருக்கிறது, தவறினால் மூன்று மாதம் கழித்துத்தான், இடது கண் அதுவரை தாங்காது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அதற்குள் அவரைக் கூட்டி வந்தாக வேண்டும், மொதல்ல ஒண்ணு எடுத்தியே, நாங்க ரெண்டு பேரும் இருந்தது, அத்தக் குடு, அவ மூஞ்சி மேல காட்டுறேன் என்றார். ஞானவரதன் வகுப்பை நிறுத்திவிட்டு வந்து, அம்மா, கலை வேறு, நிஜம் வேறு, கலையில் அவர் தனியாகத்தான் இருக்கணும் என்று விளக்கினார், பூங்காவனம் அவருடைய பதினான்கு பைகளையும் ஒருமுறை மேலும் கீழும் பார்த்து, கலை இன்னாத்துக்குபா எம்புருசனைக் கூட்டினு போச்சு என்று கேட்டார், ஞானவரதன் ஒரு பையில் கைவிட்டார், மாத்திரை இருந்த பை.

செவ்வாய் முழுக்க ரிச்சி தெருவில் அலைந்தேன், அழிந்த படத்தை மீட்கிறவர்கள் என்று பலகை போட்ட கடையெல்லாம் ஏறினேன், எல்லாரும் காமிராவின் நினைவு அட்டையைச் சொருகிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள், மேல மேல எடுத்துட்டீங்க சார், அடியில ஒண்ணும் இல்ல, அதன் மேல் நான் எடுத்திருந்ததெல்லாம் வந்தது, ஒரு கிழவி, ஒரு மூட்டைக்காரர், மழையில் ஒரு குடை, எல்லாரும் தனித்தனியாக, புதன்கிழமை மத்தியானம் நூலகத்தில் மேசையில் தலை சாய்த்தவன் தூங்கினேனா விழித்திருந்தேனா தெரியவில்லை, பழைய படங்களின் விளிம்புகள் ஒவ்வொன்றாக வருகின்றன, அழுகிற குழந்தையின் தோளில் நான் வெட்டியது போக மிஞ்சிய இரண்டு விரல், அனாதை என்று தலைப்பு வைத்தேனே அந்தக் குழந்தை, பூக்காரியின் பின்னால் ஒரு லுங்கியின் நுனி, விரல்களும் நுனிகளும் வளர்ந்து கையாகின்றன ஆளாகின்றன, புத்தக அடுக்குகளுக்கு நடுவே வரிசையில் நிற்கிறார்கள், பச்சைச் சேலை முதலாவதாக, அம்மா நீங்க கொஞ்சம் தள்ளிக்குங்க, ஐயா அப்படி ஓரமா, தம்பி ஒரு நிமிஷம், பன்னிரண்டு வருஷமாக நான் எல்லாரிடமும் பேசியது இந்த ஒரே வாக்கியம்தான், எழுப்பிவிட்ட மாணவி, சார் யாரைத் தள்ளிக்கச் சொல்றீங்க என்று கேட்டாள்.

வியாழக்கிழமை காலை அரக்கோணம் லோக்கலில் பூங்காவனமும் நானும் எதிரும் புதிருமாகக்கூட இல்லை, பக்கத்துப் பக்கத்தில், படம் இல்லை, அதனால் நானே சாட்சி, படம் புடிச்சவன் சொன்னா நம்பாமயா போய்டுவா என்றார், வண்டி வேகமெடுத்ததும் கடலைப் பொட்டலத்தைப் பிரித்தார், கஸ்தூரியைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டே உரிக்கிறார், வாய்க்கு ஒன்று, அடுத்ததைப் பார்க்காமலே பக்கத்தில் நீட்டுகிறார், நான் உள்ளங்கையை விரித்தேன், நான்கைந்து விழுந்த பிறகுதான் அவர் திரும்பிப் பார்த்தார், சரி துன்னு என்றார், பொட்டலத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார், நான் ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறேன், சூனியத்தை, அங்கே மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

கஸ்தூரி கேட்டைத் திறக்காமல் உட்பக்கம் நின்றாள், ஐம்பத்தைந்து வயது, இடுப்பில் சாவிக்கொத்து, அவளுக்குப் பின்னால் வாசற்படியில் ஏகாம்பரம் உட்கார்ந்திருந்தார், மழுமழுவென்று சவரம் செய்த முகம், அதைப் பார்த்ததும் பூங்காவனம் கம்பியைப் பிடித்துக்கொண்டார், அண்ணி வாங்க, சாப்புடுங்க, போங்க, ஆனா அண்ணனை அனுப்ப மாட்டேன், அவரு இருந்த கோலத்தை ஊரே பாத்துச்சு என்றாள் கஸ்தூரி, நான் முன்னால் போய் நின்று படம் எடுத்தவன் நான்தான் என்றேன், சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன், அவள் முகம் மலர்ந்தது, ஐயோ சார் நீங்களா, நீங்க மட்டும் எழுதலன்னா எங்கண்ணன் கதி எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது, உள்ளே ஓடி அந்தப் பக்கத்தை எடுத்து வந்தாள், லாமினேஷன் போட்டு வைத்திருந்தாள், என் நான்கு வரியையும் மனப்பாடமாகச் சொன்னாள், ஒரு சொல் பிசகவில்லை, பன்னிரண்டு வருஷத்தில் என் கலைக்குக் கிடைத்த ஒரே உண்மையான ரசிகை, பின்னால் பூங்காவனத்தின் மூச்சு கேட்டது.

இவங்க பக்கத்துலதாம்மா உட்கார்ந்திருந்தாங்க, நான்தான் தள்ளிப் போகச் சொன்னேன் என்றேன். அப்ப கைவிட்டதுன்னு எழுதினது? பொய். கண்ணுல தண்ணி? சொட்டு மருந்து. அவள் லாமினேஷனை வெயிலுக்குத் தூக்கிப் பார்த்தாள், இதப் பாத்து மூணு நாள் அழுதேன் சார் நான் என்றாள், கோபம்கூட இல்லை, ஏமாந்துபோன குரல், அப்ப தாடி என்று கேட்டாள், திருப்பதிக்கு வேண்டினது, கண்ணுக்காக என்றார் பூங்காவனம், கஸ்தூரியின் கையிலிருந்து லாமினேஷன் கீழே விழுந்தது, பெருமாளே, நான்ல ஆளக் கூப்புட்டு எடுக்க வச்சேன், இரண்டு கையாலும் படபடவென்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள், அண்ணியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, மன்னிப்பெல்லாம் பெருமாளிடம்தான், ஆனால் கேட்டின் கொண்டியை எடுத்துவிட்டு, அவர் துணிப்பையைக் கொண்டுவர வேகமாக உள்ளே போனாள்.

அப்போதுதான் படியிலிருந்து குரல் வந்தது, முதல்முறையாக அவர் குரலைக் கேட்கிறேன், யாரு, பூங்காவா, நடுவுல இன்னாமோ கறுப்பா மறைக்குது என்றார். அந்த போட்டோக்காருதான் என்று என் முதுகுக்குப் பின்னாலிருந்து பூங்காவனம் சொன்னார், பிறகு என்னிடம், கொஞ்சம் தள்ளிக்க சார். நான் ஏன் என்று கேட்கவில்லை, மூன்று எட்டு வைத்தேன், தெருவோரம் ஒரு மின்கம்பம் இருந்தது, அதன் பக்கத்தில் போய் நின்று என் தோள்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன், உள்ளே காமிரா இருந்தது, திறக்கவில்லை, அவர் இடது பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார், கண்ணில் மருந்து இல்லை, கன்னத்தில் தாடி இல்லை, கேட்டைத் தாண்டி வருகிற பச்சையை மட்டும் பார்க்கிறார், பார்த்துக்கொண்டே படியில் வலது பக்கமாக நகர்ந்து ஓர் ஆள் உட்கார இடம் விடுகிறார், உள்ளங்கையை விரித்து நீட்டுகிறார்.