கடைசி ஆண், முதல் பெண், ஒரு கிராம்பு

1

இந்தக் கதை பாளையங்கோட்டையில் ஒரு பல் டாக்டரின் நாற்காலியில் பிறந்தது. நான் வாயைத் திறந்தேன். டாக்டர் சின்னப் பெண். முகத்தில் ஏற்கெனவே முகமூடி இருக்க, அதற்குமேல் இன்னொன்றை எடுத்து மாட்டிக்கொண்டாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை, நல்ல பிள்ளை. அந்த இரண்டாவது முகமூடிக்காக யாரையாவது பழிவாங்கியே தீரவேண்டும் என்று வீடு வரும் வழியெல்லாம் கறுவிக்கொண்டு வந்தேன். டாக்டரைத் தொட முடியாது, என் கடவாய்ப்பல் இன்னும் அவள் கையில் பாக்கி இருக்கிறது. ஆகவே நூறு வருஷத்துக்கு முந்திய ஒரு பாவப்பட்ட மனிதரைப் பிடித்துக்கொண்டேன்.

முதல் தொடக்கம்: ‘தாமிரபரணியின்மேல் பனி விலகாத ஒரு மார்கழிக் காலை...’ (வேண்டாம். பனி வந்தால் வாடை அமுங்கிவிடும்.)

இரண்டாவது: ‘நேசையா வாத்தியார் ஜெபம் சொல்ல வாயைத் திறந்தால் கோயில் வௌவால்கள் குடும்பத்தோடு அம்பாசமுத்திரத்துக்குக் குடிபெயரும்...’ (வௌவால் வரைக்கும் சத்தியம். அம்பாசமுத்திரம் என் கைச்சரக்கு.)

2

நேராகவே சொல்லிவிடுகிறேன். 1911 என்று வையுங்கள். அம்பாசமுத்திரத்துக்கு அருகே ஒரு சிறிய கிறிஸ்தவ சபை. அங்கே மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் நேசையா. பொய் பேசாதவர், பிள்ளைகளை அடிக்காதவர். அடிக்கத் தேவையும் இல்லை; குனிந்து, “என்னலே எழுதுத?” என்று கேட்டாலே போதும், பையன் கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டு ஓடிவிடுவான்.

அந்தச் சபையில் நற்கருணைக்கு ஒரே கிண்ணம். பீடத்தைத் தடுக்கும் கிராதிக்கு முன்னால் ஆண்கள் முதலில் முழந்தாளிட்டுத் திராட்சரசம் குடிப்பார்கள், அப்புறம் பெண்கள். ஆண்கள் வரிசையில் நேசையா எப்போதும் கடைசி. “வாத்தியாரையா பைய வரட்டும்” என்று எல்லோரும் முந்திக்கொண்டு போவார்கள். பிறருக்கு வழிவிடும் தாழ்மையைக் கர்த்தர் தனக்கு அருளியிருக்கிறார் என்று பல வருஷமாக அவர் உள்ளூர மகிழ்ந்திருந்தார்.

(இந்த இடத்தில் நான் சிரித்தேன். பிறகு இரண்டாவது முகமூடி ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டேன்.)

அவருக்கு அடுத்தபடியாக, பெண்களில் முதல் ஆளாக, சாரம்மாள் என்ற கிழவி நிற்பாள். மூக்குப்பொடி போட்டுப் போட்டு மூக்கைச் சாகடித்தவள். அவளை அங்கே நிறுத்தியதும் ஊரின் ஏற்பாடுதான். நேசையாவுக்கு மட்டும் தெரியாது.

3

தெரியவைத்தவர் அப்பாத்துரை. நெல் வியாபாரி. அவர் மகள் பியூலாவுக்கும் நேசையாவுக்கும் கல்யாணம் பேசி, கோயிலில் இரண்டு ஞாயிறு ஓலை வாசித்தாகிவிட்டது. இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை சொல்பவர் உண்டானால் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு அறிவிப்பதுதான் ஓலை. மூன்றாவது, நாளைக்கு. போன வருஷம் வேறொரு பெண்ணுக்கும் நேசையாவுக்கும் வாசித்த ஓலை இரண்டாவது ஞாயிறோடு நின்றுபோனது. காரணத்தை யாரும் அவரிடம் சொல்லவில்லை. இந்த ஓலையும் நின்றால் அந்த ஜில்லாவில் அவருக்குப் பெண் கிடையாது.

சனிக்கிழமை காலை அப்பாத்துரை வந்தார். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, மேல்காற்றுக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டார்.

“மாப்ளே, கோவிச்சுக்கிடாதீரும். உம்ம வாய் நாறுதுவே.”

நேசையா உதட்டை இறுக மூடிக்கொண்டார். பேச வாயைத் திறக்கவேண்டுமே!

“உம்மள எதுக்குக் கடைசியில விடுதானுவன்னு நினைச்சீரு? மரியாதைக்கா? நாளைக்கு எம்மவ பொம்பளையள்ல முதல்ல நிக்கட்டும். உமக்கப்புறம் அந்தக் கிண்ணத்த வாங்கிக் குடிக்கட்டும். அவ மூஞ்சி கோணுச்சு, ஓலையில நான் கையைத் தூக்கிருவேன். ஆயுசுக்கும் பக்கத்துல படுக்கணும்லா அவ!”

4

அம்பாசமுத்திரம் கடைத்தெருவில் காஜா முகைதீனின் நாட்டுமருந்துக் கடைக்கு நேசையா ஓடியே போனார். (நடந்துதான் போனார். வேட்டி கட்டிய வாத்தியாரை ஓடவிட்டுப் பார்க்க எனக்கு ஆசை.)

காஜா முகைதீன் பொட்டலம் கட்டினார். பல் துலக்க நாயுருவி வேர். கொப்பளிக்க வேலம்பட்டைக் கஷாயம். ராத்திரி மென்று துப்பச் சித்தரத்தை.

“இம்புட்டும் ராத்திரிக்குக் கேக்கும் வாத்தியாரே. விடிஞ்சதும் கஞ்சியக் குடிச்சுக்கிடும். வெறும் வயித்து வாய் இருக்கே, அது எந்தக் கஷாயத்துக்கும் அடங்காது.”

“நற்கருணைக்கு வெறும் வயித்தோடதான் போவணும் அண்ணாச்சி. பச்சத்தண்ணி உள்ள எறங்கப்பிடாதுன்னு எங்க ஐயர் கட்டளை.”

(எங்கள் பக்கத்துச் சபைகளில் குருவானவரை ‘ஐயர்’ என்றுதான் சொல்வோம்.)

“பாத்தீரா, அதான் நாறுது! அப்ப இந்தக் கிராம்ப வச்சுக்கிடும். கிண்ணம் வரமுட்டும் கடவாயில அடக்கிக்கிடும்.”

“சாறு எறங்குமே?”

“எறங்காம இருக்க அது என்ன கூழாங்கல்லாவே?”

5

சாயங்காலம் கோயிலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள் பியூலா. நேசையா வாசலோடு நின்றுகொண்டார். அவள் நிமிராமலே கேட்டாள்.

“என்ன சார், சட்டைப்பைக்குள்ள மருந்துக்கடையா வச்சிருக்கீக?”

அவர் கையால் வாயைப் பொத்தியபடி ஏதோ சொன்னார்.

“கையை எடுத்துட்டுப் பேசுங்க. பின்னால எப்படி, பாய்க்கு நடுவுல சுவரா கட்டப்போறீக?” விளக்குமாற்றை உள்ளங்கையில் தட்டினாள். “எங்க அப்பாவுக்கு உங்க வாய்தான் கவலை. எனக்கு அது இல்ல. நாளைக்கு நோன்போட வரணும். கிராம்பத் தின்னுட்டு, தின்னாதவுக மாதிரி கர்த்தர் முன்னால முழங்கால் போட்டீகன்னா, என்கிட்ட எதுதான் பொய் சொல்ல மாட்டீக? கள்ளம் பண்ணுத ஆளுக்கு நான் கழுத்து நீட்ட மாட்டேன். அப்பாவுக்கு முந்தி நானே எந்திரிச்சுச் சொல்லிருவேன்.”

“அப்ப வாடை?”

“அத நான்லா மோக்கணும்!”

(1911-இல் ஒரு பெண் இப்படிப் பேசுவாளா என்று நானே சந்தேகப்பட்டு இந்தப் பகுதியை ஒருமுறை அடித்தேன். பிறகு யோசித்தேன். பெண்கள் வாயடக்க வேண்டும் என்று அந்தக் காலத்தில் அத்தனை பிரசங்கம் செய்திருக்கிறார்கள். அடங்கி இருந்தவர்களுக்கா செய்தார்கள்? பியூலா இருக்கட்டும்.)

ஆக, வாய் நாறினால் தகப்பன் கை தூக்குவார். கிராம்பு மணம் வந்தால் மகள் எழுந்துவிடுவாள். இந்த மனிதரை இப்படி ஒரு மூலையில் கொண்டுவந்து மாட்டிவிட்டதில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை மறைக்கமாட்டேன்.

6

ஞாயிறு. கோயில் சுவரோரம் நேசையா நிற்கிறார். விரலிடுக்கில் கிராம்பு. வயிறு காலி. உள்ளங்கையைக் குவித்து ஊதிப் பார்க்கிறார். தன் வாடை தனக்குத் தெரியவில்லை. உள்ளே ஐயர் கிண்ணத்தை எடுத்துவிட்டார். ஆண்கள் எழுகிறார்கள். “வாத்தியாரையா பைய வரட்டும்.” இன்றைக்கு அந்தச் சொல் அவர் முதுகில் கல்லாக விழுகிறது.

நேசையா கிராம்பைக் கடவாயில்...

நேசையா கிராம்பைச் சுவருக்கு அந்தப் பக்கம்...

(இரண்டையும் எழுதினேன். இரண்டையும் அடித்தேன். ‘ஆமென்’ சொல்லும்போது கிராம்பு நழுவிக் கிண்ணத்துக்குள் விழுந்தது என்று மூன்றாவதாக ஒன்றும் எழுதினேன். அன்றிரவு சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. காலையில் படித்துப் பார்த்தேன், அந்த மனிதரின் முகம் தாங்கவில்லை. அதையும் அடித்தேன்.)

7

கடைசி ஆணாக நேசையா முழந்தாளிட்டார். கிண்ணத்தைக் கையில் வாங்கிக் குடித்தார். அடுத்து பியூலா. சாரம்மாள் கிழவி இரண்டாவது ஆளாக நின்று, தன் இடத்தைப் பறித்தவளை முறைத்துக்கொண்டிருந்தாள். நேசையா வாய் வைத்த விளிம்பை ஐயர் வழக்கம்போல் துணியால் துடைத்து, நல்ல பக்கமாகத் திருப்பி நீட்டினார். பியூலா வாங்கி, பழையபடி திருப்பி, அவர் குடித்த இடத்திலேயே வாய் வைத்தாள்.

கோயிலில் ஒருத்தரும் மூச்சுவிடவில்லை. அப்பாத்துரை பாயிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

பியூலா கிண்ணத்தைக் கொடுத்தாள். அவள் முகம் கோணவில்லை. ஆனால் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

நாற்றத்துக்கும் கண் கலங்கும். கிராம்புக் காரத்துக்கும் கண் கலங்கும்.

8

ஐயர் ஓலை வாசித்தார். (ஓலையை நற்கருணைக்கு முன்பே வாசிப்பதுதான் முறை என்று விவரம் தெரிந்தவர்கள் எனக்கு எழுதுவார்கள். எழுதட்டும். முன்பே வாசித்திருந்தால் நான் இந்த இடத்தில் நிற்க முடியுமா?)

“...தடை சொல்பவர் உண்டானால் சொல்லலாம்.”

மகளின் கண்ணீரைப் பார்த்த தகப்பன், நாற்றம்தான் என்று முடிவுகட்டிவிட்டார். அவர் கை மேலே ஏறுகிறது. தோள் வரை வந்துவிட்டது. அதே நொடியில் பெண்கள் பக்கத்தில் பியூலா எழுந்துவிட்டாள். வாடை என்றால், “அப்பா, உக்காருங்க” என்பாள். கிராம்பு என்றால், “எனக்கும் தடை உண்டு” என்பாள். நேசையா தலையைத் தூக்கவில்லை. கிண்ணத்தில் தான் எதை விட்டுவிட்டு வந்தோம் என்பது அவருக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியாது. டாக்டர் பெண் இரண்டு முகமூடி போட்டுத் தடுத்த என் வாய் வாடையையே உணராத மூக்கு என்னுடையது.

பியூலா வாயைத் திறக்கிறாள்.

சொல்லுக்கு முன்னால் மூச்சுதான் வெளியே வரும். நீங்கள் பக்கத்துப் பாயில்தான் இருக்கிறீர்கள். கொஞ்சம் அங்கன சாய்ந்து, மோந்து பார்த்துச் சொல்லுங்கள்.