சிவசங்கரன் லேமினேஷன் செய்த இதயம்

சிவசங்கரன் வீட்டில் லேமினேஷன் ஆகாதவை இரண்டு: ஒன்று சாப்பாடு, மற்றொன்று மனைவி ஜெயலட்சுமி. ரேஷன் கார்டிலிருந்து கொசுவலை வாங்கிய பில் வரை மற்ற எல்லாமே பிளாஸ்டிக் உறைக்குள் பளபளத்தன.

ஞாயிறு மாலை ஜீவனஹள்ளி ஷட்டில் கிளப்பின் இரட்டையர் இறுதி ஆட்டம். ஐம்பத்து நான்கு வயதில், முதல்முறையாக, அவரும் கூட்டாளி சிரிலும் அதுவரை வந்திருந்தார்கள். ஐம்பதைத் தாண்டியவர்கள் டாக்டர் சர்டிஃபிகேட் கொண்டுவர வேண்டும் என்றது கிளப்.

அங்கேதான் சிக்கல். சிவசங்கரனின் இதயம் பிறவியிலேயே கொஞ்சம் குறும்பு. ஈ.சி.ஜி. எடுத்தால் கோடு ஓரிடத்தில் காரணமில்லாமல் துள்ளும். ஆபத்து ஒன்றுமில்லை. ஆனால் போன வருடமும் அதே துள்ளல் இருந்தது என்று காட்டினால்தான் டாக்டர் லவினா கையெழுத்துப் போடுவார்.

வெள்ளிக்கிழமை பீரோவிலிருந்து பழைய ஈ.சி.ஜி.யை எடுத்தவருக்குப் பகீரென்றது. கோடுகள் வெளுத்துப்போய், டீ சிந்திய கறை போல மங்கலாகத் தெரிந்தன. இன்னும் இரண்டு நாளில் மொத்தமும் மறைந்துவிடும் என்ற பயத்தில், சேஷகிரியின் லேமினேஷன் கடைக்கு ஓடினார்.

சேஷகிரி காகிதத்தை நகத்தால் கீறிப் பார்த்தார். கீறிய இடம் கறுத்தது.

"பேட சார், வேண்டாம். இது சூட்டுல பிரிண்ட் ஆகிற பேப்பர். மெஷின்ல விட்டா மொத்தமா கறுத்துடும். ஜெராக்ஸ் எடுங்க, போதும்."

"ஜெராக்ஸா? என் ஹார்ட்டுக்கா? ஒரிஜினல்தான்யா நிக்கும். விடுங்க உள்ளே!"

விட்டார். மறுபக்கம் வெளியே வந்தது கன்னங்கரேலென்று ஒரு பலகை. பிளாஸ்டிக் மட்டும் அருமையாக மின்னியது.

சனிக்கிழமை டாக்டர் லவினா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். திருப்பினார். தன் முகம்தான் தெரிந்தது.

"இதுல உங்க ஹார்ட் எங்க அங்கிள்?"

"உள்ளதான் மேடம் இருக்கு. பத்திரமா இருக்கு."

"ஏங்க, அமாவாசையைப் போட்டோ எடுத்துட்டு வந்த மாதிரி இருக்கு," என்றாள் கூட வந்திருந்த ஜெயலட்சுமி.

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "நாளைக்குக் காலையில டிரெட்மில் டெஸ்ட் பண்ணலாம். பாஸானா சர்டிஃபிகேட் தர்றேன்."

ஞாயிறு காலை பெல்ட் ஓடத் தொடங்கியது. சிவசங்கரனும் ஓடினார். ஒன்பதாவது நிமிடத்தில் டாக்டர், "போதும் அங்கிள், எல்லாம் நார்மல். இறங்குங்க," என்றார்.

"அப்புறம் சந்தேகம்னு சொல்லக்கூடாது மேடம். இன்னும் கொஞ்சம் போடுங்க!"

"ஏங்க, இதுலயே ஓடி வீட்டுக்குப் போயிடலாம்னு பாக்குறீங்களா? இறங்குங்க!" என்றாள் ஜெயலட்சுமி.

பெல்ட்டை நிறுத்தியபிறகுதான் நின்றார். சர்டிஃபிகேட்டை வாங்கி, தேர்வில் முதல் வந்தவர் போல நெஞ்சை நிமிர்த்தினார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலிலிருந்து எழுந்தார். இடுப்புக்குக் கீழே இருந்தவை அவரோடு எழவில்லை.

மாலை அவரைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து வலைக்கருகே நிறுத்தினார்கள். பந்து இடப்பக்கம் வந்தது, பார்த்தார். வலப்பக்கம் வந்தது, அதையும் பார்த்தார். அவருக்கும் சேர்த்துப் பின்னால் ஓடி ஓடி சிரிலின் நாக்கு வெளியே தள்ளியது. இருபத்தொன்றுக்கு நான்கு, இருபத்தொன்றுக்கு மூன்று. கதை முடிந்தது.

"என்னமோ சொல்லு சிரில், என் ஹார்ட் பக்கா. டாக்டரே எழுதிக் குடுத்துட்டாங்க!"

சிரில் தரையில் மல்லாந்து கிடந்தபடியே சொன்னார்: "அதை வீட்டுலயே வச்சிட்டு, ரெண்டு காலை மட்டும் அனுப்பியிருக்கக்கூடாதா சிவா?"