தனியாவா வந்தீங்க?

1

வில்லியனூர் கோயில் பிரகாரத்தில் ஒரு மூதாட்டி, முதியவர் ஒருவரின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டார். "ரொம்ப நன்றிங்கம்மா" என்றார் அவர். யாரோ வழிப்போக்கரிடம் சொல்வதுபோல. நான் பார்த்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் என் கற்பனை.

2

'பேராசிரியை செல்வகுமாரிக்கு வாழ்க்கை கற்பித்த பாடம்...' (வேண்டாம், பிரசங்கம்.)

'பாகூர் ஏரியில் மழை...' (அன்று நல்ல வெயில்.)

நேராகவே சொல்கிறேன். மூதாட்டி செல்வகுமாரியும் முதியவர் தணிகைவேலும் இளமையில் பழகியது இந்தக் கோயில் மண்டபத்தில் நடந்த யோகா வகுப்பில். சவாசனத்தில் எல்லோரும் கண்ணை மூட, அவன் மட்டும் அவளையே பார்த்துக்கொண்டு கிடப்பான்.

"கண்ண மூடுங்க."

"மூடுனாலும் நீதான் தெரியற. அப்புறம் இன்னாத்துக்கு மூடணும்?"

3

கல்யாணத்துக்குப் பிறகு அவன் பாகூரில் கரும்பு போட்டான். அவள் யோக தத்துவத்தில் ஆய்வு செய்தாள். மனத்தின் அலைகள் ஐந்து. ஐந்தாவது, நினைவு. இனித்த நினைவும் அடங்கினால்தான் ஆன்மா தன் நிலையில் நிற்கும் என்று எழுதிப் பட்டம் வாங்கினாள்.

"அப்ப என்னையும் மறந்துடுவியா?"

"மறக்கறது வேறங்க. புடிச்சுக்காம இருக்கறது வேற."

(ஓரக்குறிப்பு: அதே தத்துவம் நினைவைச் சமாதி நிலைக்குத் துணை என்றும் சொல்கிறது. செல்வகுமாரி அதை ஒரே பத்தியில் தாண்டிவிட்டாள். இளமையில் நானும் தாண்டியிருப்பேன்.)

4

முதுமையில், முதலில் தணிகைவேலுக்குக் கரும்புத் தோட்டத்துக்கு வழி மறந்தது. பிறகு மகள் வெண்ணிலாவின் பெயர். கடைசியில் செல்வகுமாரி.

அவள் விடவில்லை. தினமும் காலையில் கல்யாணப் படத்தை நீட்டி, "இது யாரு, சொல்லுங்க" என்பாள். ஒருநாள் அவர் படத்தைத் தடவி, "பாவம், இந்தப் பொண்ணு எங்க போயிட்டா?" என்று தேம்பி அழுதார்.

வெண்ணிலா படத்தைப் பிடுங்கினாள். "அப்பா நிம்மதியாத்தாம்மா இருக்குது. நீதான் வுட மாட்டற."

தான் எழுதியதையே மகள் வாயிலிருந்து கேட்டபோது செல்வகுமாரிக்குக் கோபம்தான் வந்தது. அந்த வரிகளை எழுதியவள் யாரோ, புருஷன் பக்கத்திலேயே இருப்பான் என்று நம்பிய சின்னப் பெண். படம் அலமாரிக்குப் போனது. ஆனாலும் ஒரே ஒரு தடவை, தாங்கள் பழகிய அந்த மண்டபத்தில் உட்காரவைத்துப் பார்த்துவிடலாம் என்று ஆட்டோ பிடித்து அழைத்துவந்தாள்.

5

அவர் தூண்களைப் பார்த்தார். குளத்துக் காற்றுக்கு முகத்தைக் காட்டினார். அவளுக்கு ஒவ்வொரு கல்லும் பேசியது. அவருக்குக் காற்று மட்டும் போதுமாயிருந்தது. அவ்வளவு அமைதியான முகத்தை அவள் எந்தத் தியானத்திலும் கண்டதில்லை. அதைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது.

"எந்த ஊரும்மா நீங்க?"

'உங்க பொண்டாட்டிங்க' என்று அவள்... (நிறுத்திவிட்டேன். அந்த முகம் கலங்குவதை என்னால் எழுத முடியவில்லை.)

"பாகூருங்க."

"அட, நம்ம ஊரு! பாத்ததே இல்லியே. தனியாவா வந்தீங்க?"

'இல்லீங்க, வூட்டுக்காரரோட வந்தேன்' என்று எழுதினேன். அவர் திரும்பித் திரும்பி அந்த ஆளைத் தேடினார். அந்த வரியை அடித்தேன். 'ஆமாங்க' என்று எழுதினேன். "அப்ப வாங்க, நான் தொணைக்கு வர்றேன்" என்று எழுந்தார். 'நான் தனியாவா வந்தேன்?' என்பதுபோல செல்வகுமாரி என்னை நிமிர்ந்து பார்த்தாள். அதையும் அடித்துவிட்டேன்.

அவர் இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறார். நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் மெதுவாக.