சிங்குக்குக் கீழே ஒரு சிவப்புப் பூட்டு

சிங்குக்குக் கீழே இருந்த அலமாரியைத் திறந்து, டார்ச் அடித்து, தலையை உள்ளே விட்ட பிளம்பர் கருப்பசாமி, விட்ட வேகத்தில் வெளியே எடுத்தார்.

"என்ன சார், வேற ஆள் வேல பாத்துக்கிட்டு இருக்காகளா?"

"இல்லயே," என்றான் சந்தோஷ். வீட்டில் அவனைத் தவிர யாரும் இல்லை.

"அப்ப இந்தப் பூட்டு யாருது?"

அலமாரிக்குள் வேஸ்ட் கிரைண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு மிச்சத்தை அரைத்துச் சாக்கடைக்கு அனுப்பும் இயந்திரம். அமெரிக்காவிலிருந்து திரும்பிய வீட்டு உரிமையாளர் ஆசைப்பட்டு மாட்டியது. பாகலூர் சாலையின் அந்த அடுக்ககத்தில் வேறு எந்த வீட்டிலும் அது கிடையாது. கழிவுநீர்க் குழாய் அதன் பக்கவாட்டில் வந்து சேரும் எல்போ என்ற வளைவுத் துண்டில் இரண்டு திருகுகள் இருக்க வேண்டும். ஒன்றுதான் இருந்தது. இன்னொன்று கீழே ஒரு பாட்டில் மூடிக்குள் கிடந்தது. பக்கத்தில் ஒரு ஸ்பேனர், மடித்து வைத்த துணி, முக்கால் வாசி நிறைந்த வாளி. இயந்திரத்தின் பிளக் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் அடைபட்டிருந்தது. டப்பாவில் அதே நிறப் பூட்டு. பூட்டோடு ஓர் அட்டை: 'இயக்காதே. நான் வேலை செய்கிறேன்.' அதற்குக் கீழே ஒரு பெண்ணின் புகைப்படம். வினிதா, மெயின்டனன்ஸ்.

"என் ஒய்ஃப்," என்றான் சந்தோஷ்.

"அவுகள வந்து தொறக்கச் சொல்லுங்க. நான் அதுக்குள்ள ரப்பர் வளையத்த எடுத்து வச்சிர்றேன்."

"அவ இல்ல. பத்து மாசம் ஆச்சு."

கருப்பசாமி டார்ச்சை அணைத்தார்.

வினிதா ஒரு ஸ்கூட்டர் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவளாக இருந்தாள். அங்கே ஒவ்வொருவருக்கும் சொந்தப் பூட்டு உண்டு. இயந்திரத்துக்குள் கை விடும் முன் மின்சாரத்தை நிறுத்தித் தன் பூட்டைப் போட வேண்டும். போட்டவர்தான் கழற்ற வேண்டும், வேறு யாரும் தொடக் கூடாது. யோசிக்காமல் சுவிட்சைத் தட்டுகிற பழக்கம் சந்தோஷுக்கு இருந்ததால் ஒரு பூட்டை வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு திருகைக் கழற்றிப் பார்த்து, வளையம் காய்ந்துபோய்விட்டது என்று சொல்லி, புதியது வாங்க ஸ்கூட்டரில் கிளம்பினாள். ரிங் ரோடு திருப்பத்தில் கன்டெய்னர் லாரி. பூட்டின் சாவி அவளுடைய அடையாள அட்டைக் கயிற்றில் இருந்தது. கயிறு திரும்பி வரவில்லை.

'நாளைக்குப் பாத்துக்கலாம்னுதான் சொன்னேன், கேக்காம கிளம்பிட்டா' என்று துக்கத்துக்கு வந்த எல்லோரிடமும் சந்தோஷ் சொன்னான். அது பொய். அன்று அவன் பிளம்பரைக் கூப்பிட மறுத்தான். "கம்பெனி மிஷின்னா ஓடி ஓடிப் பாப்ப, வீட்டு மிஷின்னா நாளைக்கா?" என்று சிரித்தபடி கேட்டு, கடை மூடுவதற்குள் போய்வரச் சொன்னவன் அவன்தான்.

அதன் பிறகு அவன் அலமாரியில் எதையும் நகர்த்தவில்லை. பேரிகைப் பக்கம் ரோஜாப் பண்ணையில் பூ பேக்கிங் மேற்பார்வை வேலை. காலையில் புறப்படும்போது சிங்க் குழாயை நூல் அளவுக்குத் திறந்துவிட்டுப் போவான். தண்ணீர் இயந்திரத்துக்குள் இறங்கி, ஒற்றைத் திருகில் நிற்கும் எல்போ வழியாக வாளியில் சொட்டும். மாலையில் கதவைத் திறக்கும்போது அடுப்படியிலிருந்து 'டிக்... டிக்...' என்று கேட்கும். ஸ்பேனரால் யாரோ இரும்பைத் தட்டிப் பார்ப்பது போல. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று அதைக் கேட்பான். போன வாரம் லோடு தாமதமாகி மறுநாள்தான் வீடு திரும்பினான். வாளி வழிந்து, குழாய் இறங்கும் துளை வழியாகக் கீழ் வீட்டுக்குத் தண்ணீர் போய்விட்டது.

கீழ் வீட்டுப் பூவம்மாள் இன்று காலையில் வந்து நின்றார். "தம்பி, எங்கூட்டு சாம்பாருக்கு நான் தனியாவே தண்ணி ஊத்தறதில்ல. உங்கூட்டுதே சொட்டுது." பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "திங்கக்கெழமைக்குள்ள சரி பண்ணலீனா அசோசியேஷன்காரங்க உங்க லைனையே அடச்சுடுவாங்களாம். பாத்துக்க சாமி" என்றார். பிளம்பரை அனுப்பி வைத்ததும் அவர்தான்.

"பூட்டு இருக்கட்டுங்க," என்றான் சந்தோஷ். "அதத் தொடாம வளையத்த மட்டும் மாத்திட்டுப் போங்க."

"மாத்தலாம். ஓட்டிப் பாக்கணும்ல? இது ஓடும்போது அதிரும். அப்பத்தான் ஒழுகுதா இல்லையான்னு தெரியும். பாக்காமப் போனா மறுபடி அந்தம்மா சாம்பார்லதான் விழும்." கருப்பசாமி சாத்தூர்க்காரர். பிளம்பிங்குக்கு வருமுன், தகடு அழுத்தும் ஒரு பிரஸ் ஷாப்பில் ஒன்பது வருடம் ஒப்பந்த ஃபிட்டர். "ஆனா நானா வெட்ட மாட்டேன் சார். டீ குடிக்கப் போயிட்டான்னு சொல்லி ஒருத்தன் பூட்ட வெட்டுனாக எங்க கம்பெனில. அவன் போகல. உள்ளதான் இருந்தான். பூட்டு தொங்குதுன்னா ஆள் உள்ள இருக்குன்னுதான் அர்த்தம்."

பத்து மாதமாக அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் சந்தோஷ் அந்த வீட்டில் இருந்துகொண்டிருந்தான். வேறொருவர் வாயிலிருந்து அதைக் கேட்பது இதுதான் முதல் தடவை.

"அப்ப என்ன பண்றது?"

"ஆள் இல்லாத பூட்ட எடுக்கறதுக்குன்னு கம்பெனில ஒரு ஃபாரம் உண்டு, எழுதி நிரப்பணும். அவுக லீடரக் கூப்பிடுங்க."

வினிதாவின் ஷிஃப்ட் லீடர் பிரியா. காலை ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தவளை ஃபோனில் பிடித்துச் சந்தோஷ் விஷயத்தைச் சொன்னான். "இருபத்தேழாம் நம்பர் பூட்டு. பூட்டு மாட்டற போர்டுல அந்தக் கொக்கி இன்னும் காலியாத்தான் இருக்குண்ணா. உள்ள போயி ஃபாரம் எடுத்துட்டுக் கூப்பிடறேன்."

கால் மணி நேரத்தில் அழைத்தாள். சந்தோஷ் ஸ்பீக்கரில் போட்டான்.

"மொதல்ல, பூட்டுக்கு உரியவரை ஃபோன்ல கூப்பிடணும்."

"பிரியா..."

"எழுதியிருக்கறதப் படிக்கறேன்ணா. பாதில விட்டா செல்லாது."

கருப்பசாமி தன் ஃபோனை நீட்டினார். பத்து மாதமாகத் தொடாத எண்ணைச் சந்தோஷ் பார்க்காமலே அழுத்தினான். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்ற பதிவுக் குரலை எதிர்பார்த்தான். மணி அடித்தது. நான்காவது மணியில் ஒரு பெண் எடுத்தாள்.

"ஹலோ?"

சந்தோஷ் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"ஹலோ, யாரு பேக்கு?" கன்னடம். யார் வேண்டும் என்கிறாள்.

"வினிதா இதாரா?" என்று அவனும் கன்னடத்திலேயே கேட்டான்.

இல்லை, இது என் நம்பர், வாங்கி நான்கு மாதம் ஆகிறது என்றாள் அவள். ஆனேக்கல்லில் இருக்கிறாளாம். வைத்துவிடுவாள் என்று நினைத்தபோது குரலைத் தாழ்த்திக் கேட்டாள். அந்தப் பெயருக்கு இன்னும் மெசேஜ் வருகிறதே, கேஸ் சிலிண்டர், பல் ஆஸ்பத்திரி என்று. அவர் எங்கே போனார்?

சந்தோஷ் ஃபோனைக் காதிலிருந்து எடுத்தான். கருப்பசாமி அதை வாங்கி, "ராங் நம்பர்மா" என்று வைத்தார்.

"எடுக்கலன்னு போடறேன்," என்றாள் பிரியா. "ரெண்டாவது, கேட்ல விசாரிக்கணும்."

இன்டர்காமில் காவலாளி ஆஞ்சப்பன் வந்தார். "மேடமா? அன்னிக்கு நான்தானே சார் கேட் தொறந்தேன். மழ வரும் மேடம், சீக்கிரம் வாங்கன்னேன். கைய ஆட்டிட்டுப் போனாங்க. வரல சார்." ஏன் இப்போது கேட்கிறார்கள் என்று அவர் விசாரிக்கவில்லை.

"மூணாவது. இடம் முழுக்கத் தேடி, பேர் சொல்லி மூணு தடவ கூப்பிடணும். ஒவ்வொரு தடவையும் நின்னு கேக்கணும்."

சந்தோஷ் படுக்கையறை வாசலில் நின்று முதல் தடவை கூப்பிட்டான். மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. குளியலறைக் கதவைத் தள்ளி இரண்டாம் தடவை. வீட்டில் அவளை அவன் முழுப் பெயரால் கூப்பிட்டதே இல்லை. யாரோ வெளியாளைத் தேடுவது போலிருந்தது. மூன்றாவது தடவை அடுப்படியில், அலமாரியின் முன்னால் குனிந்து கூப்பிட்டான்.

"வினிதா."

உள்ளிருந்து 'டிக்' என்றது. ஒரே ஒரு தடவை.

கருப்பசாமிக்கும் கேட்டது. அவர் மேலே பார்த்தார். குழாய் இறுக மூடியிருந்தது. இருவரும் அசையாமல் ஒரு நிமிடம் நின்றார்கள். மறுபடி எதுவும் கேட்கவில்லை.

"ஆள் இல்லன்னு போடவாண்ணா?" என்று ஃபோனில் பிரியா கேட்டாள்.

கருப்பசாமி சந்தோஷின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்றால் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார் என்று தெரிந்தது. கீழ் வீட்டில் யாரோ துடைப்பத்தால் தண்ணீர் தள்ளும் சத்தம் கேட்டது.

"போடு," என்றான் சந்தோஷ். "இங்க இல்ல."

"அடுத்தது, உரியவர் வேலைய பாதியில விட்டு வெளிய போன காரணம். இது எனக்கே தெரியும். 'தானாகச் சென்றார்'னு..."

"எழுதாத."

"ஏண்ணா?"

"தானா போகல. நான்தான் அனுப்பினேன். மழ வருது, நாளைக்குப் போறேன்னா. நான்தான் கிண்டல் பண்ணி அனுப்பினேன்."

ஃபோனில் தொழிற்சாலைச் சங்கு ஊதுவது கேட்டது.

"எழுதிக்கிட்டேன்," என்றாள் பிரியா, அது ஓய்ந்ததும். அண்ணா என்று சேர்க்கவில்லை. "இப்ப வெட்டலாம்."

கருப்பசாமி கட்டரை வைத்து அழுத்தினார். பூட்டின் வளைவு துண்டானது. அதன்பின் அவர் கைகள் பழகிய வேலையைப் பழகிய வேகத்தில் செய்தன. எல்போவைக் கழற்றி, கல்லாகிப்போன பழைய வளையத்தைச் சுரண்டி எடுத்தார். குழாய் தேவைக்கு மேல் அரை அங்குலம் நீளமாக இருந்து எல்போவை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. "அதான் கோளாறு. எத்தன வளையம் மாத்தியிருந்தாலும் ஒழுகும்," என்று சொல்லிக் குழாயை அறுத்தார். புது வளையத்தை அமர்த்தி, இரண்டு திருகுகளையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினார். சிங்க் நிறையத் தண்ணீர் விட்டுத் திறந்தபோது சொட்டவில்லை.

"இன்னும் ஒரு வரி இருக்கு," என்றாள் பிரியா. "மின்சாரம் கொடுக்கறதுக்கு முன்னாடி, பூட்டு எடுத்த விஷயத்தையும் காரணத்தையும் உரியவர்கிட்ட நேர்ல சொல்லணும்." படித்துவிட்டுச் சொன்னாள்: "இத மட்டும் கோடு போட்டு அடிச்சுடறேன்."

"போடாத. சொல்லிக்கறேன்."

கருப்பசாமி பிளக்கைக் கீழே வைத்துவிட்டுப் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சந்தோஷ் தரையில் உட்கார்ந்து, தோள் வரை அலமாரிக்குள் நுழைந்தான். ஈர மரத்தின் வாடை. உள்ளே என்ன சொன்னான் என்று ஃபோனில் இருந்த பிரியாவுக்குச் சரியாகக் கேட்கவில்லை. நடுவில் ஒரு முறை 'மழ' என்றது கேட்டது. வெளியே வந்தபோது முகத்தில் சிலந்தி வலை ஒட்டியிருந்தது.

பிரியா லைனில்தான் இருந்தாள்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"அவ என்ன சொன்னா?"

சந்தோஷ் அலமாரிக்குள் பார்த்தான். வாளி அசையாமல் இருந்தது. எல்போ உலர்ந்திருந்தது. அங்கிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

"ஒண்ணும் சொல்லல," என்றான்.

அதை அப்படியே எழுதிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு அவள் வைத்தாள். பால்கனிக் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, மிஷினைப் போடலாமா என்று கருப்பசாமி கேட்டார்.