நீலாவின் அடியில் தண்ணீர்

சித்திரை வெயிலில் போர்வை போர்த்திக்கொண்டு தூங்கும் ஆம்பளையை எங்கேயாவது பார்த்ததுண்டா? நான் பார்த்தேன். அந்த மகராசன் என் வீட்டுக்காரர் பிராங்கிளின்தான். எங்கள் வீட்டில் அப்படிப் படுத்திருந்தால் நான் ஏன் வயிறெரியப் போகிறேன்? எண்ணூர் கழிமுகத்தோரம் கட்டிக் கிடக்கிற ஒரு பாய்மரப் படகுக்குள் படுத்திருந்தார். அதற்கு நீலா என்று பெயர்.

நீலா நுங்கம்பாக்கத்து டாக்டர் ஒருவருடையது. அவர் என்றைக்காவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, பாய் விரித்துக் கொஞ்ச தூரம் போய்த் திரும்புவார். மற்ற நாளெல்லாம் அதைக் கழுவித் துடைத்துக் காவல் காப்பது இவர் வேலை. இவர் வாயில் அது 'அது' இல்லை, 'அவ'. அவளுக்கு இன்னொரு கோட் பெயிண்ட் அடிக்கணும், உப்புக்காத்துல அவ கருத்துட்டா என்று சோற்றில் கை வைத்தபடி பேசுவார். எனக்கு ஒரு மருதாணி பாக்கெட் வாங்கிவரச் சொன்னால் மட்டும் மறந்துபோகும்.

போன மாதம் டாக்டர் சம்சாரம் படகுக்குள் இறங்கிப் பார்த்துவிட்டு, அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்றாராம். உடனே ஏசி வந்துவிட்டது. சுவரில் மாட்டுகிறது இல்லை, சக்கரம் வைத்து உருட்டிக்கொண்டு போகிற ஏசி. ராயபுரத்து மெக்கானிக் அப்சல் வந்து, அதன் சூட்டுக்காற்றுக் குழாயைப் படகின் மேல் மூடி வழியாக வெளியே விட்டு, மிச்ச இடைவெளியைத் தெர்மாகோலால் அடைத்தார். மெஷினிலிருந்து சொட்டுகிற தண்ணீர் போக ஒரு ட்யூபைத் தரைப் பலகைக்குக் கீழே இறக்கிவிட்டார். அங்கே தேங்குவதை அவ்வப்போது மொண்டு கொட்டினால் போதுமாம். உள்ளே பூசணம் பிடிக்காமலிருக்கத் தினமும் கொஞ்ச நேரம் போட்டு வை என்றுதான் டாக்டர் சொன்னது. இவர் அந்தக் கொஞ்ச நேரத்தை விடிய விடிய ஆக்கிக்கொண்டார். கரையிலிருந்து கரண்டுக்கு இழுத்த ஒயரைத் திருடிக்கொண்டு போகிறார்கள், ஆள் இல்லாமல் விட முடியாது என்று சொல்லித் தலையணையையும் அங்கேயே தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

திருவொற்றியூரில் சிமென்ட் ஷீட் போட்ட ஒற்றை அறையில் ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு நான் புரண்டுகொண்டிருந்தேன். ஏன் முகம் வாடியிருக்கிறது என்று பக்கத்து வீட்டு சிலுவையம்மாள் கேட்டால், வெக்கை தாங்கவில்லை என்பேன். பொய். வெக்கையைப் பிறந்ததிலிருந்து தாங்குகிறேன். என் புருஷன் வீட்டுக்கு வரவேண்டும், அவ்வளவுதான்.

இந்த மனுஷன் எப்போதும் இப்படி இல்லை. சடையங்குப்பத்தில் குடியிருந்தபோது ஒரு பெருமழையில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் ஏறியது. கட்டில் மேல் நின்று நடுங்கிக்கொண்டிருந்த என் தோளைத் தட்டி, "ஒண்ணும் ஆவாதுமா, நான் கீறேன்ல" என்றார். மற்றபடி என்னை அவர் கூப்பிடுவது 'இன்னாமே' என்றுதான். அந்த ஒரு 'மா'வை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் குடும்பம் நடத்துகிறேன்.

அன்றைக்கு மதியம் சோற்றையும் நெத்திலிக் குழம்பையும் தூக்கில் போட்டுக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். படகுக்குள் இறங்கினால் குளிர் முகத்தில் அறைகிறது. போர்வை மட்டும்தான் தெரிந்தது. உலுக்கி எழுப்பினேன். "கதவச் சாத்துமே, கூலிங் போவுது" என்பதுதான் கட்டிய பெண்டாட்டியைப் பார்த்து அவர் சொன்ன முதல் வார்த்தை.

சாப்பிட உட்கார்ந்தவர், பலகையைத் தூக்கி ஏசி தண்ணீரை மொண்டு கொட்டச் சொன்னார். இப்போதெல்லாம் நிறையத் தேங்குகிறதாம். கடல் காற்றில் ஈரம் ஜாஸ்தி, மெஷின் நன்றாக உறிஞ்சுகிறது என்று பெருமை வேறு. சக்களத்திக்குக் கால் கழுவி விடுகிற வேலையும் என் தலையில் விழுந்ததே என்று பல்லைக் கடித்துக்கொண்டு பலகையைத் தூக்கினேன். தண்ணீர் பலகையைத் தொட்டுக்கொண்டு நின்றது.

என் அப்பா அருள்பிரகாசம் காசிமேட்டில் கடலுக்குப் போனவர். எங்கள் ஆட்கள் படகின் அடியில் தண்ணீரைக் கண்டால் முதலில் விரலை விட்டு நக்கிப் பார்ப்பார்கள். சப்பென்று இருந்தால் மழைத் தண்ணீர், கொட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாம். உப்புக் கரித்தால் படகில் எங்கோ ஓட்டை. இவர் ரயில்வே வீட்டுப் பிள்ளை, இந்தப் பழக்கம் கிடையாது. என் விரல் தானாகப் போனது.

உப்புக் கரித்தது.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷம் பொங்கியது. மூழ்கட்டும் சனியன், அப்போதுதான் இந்த ஆள் வீடு வந்து சேருவார். பலகையை இருந்தபடியே மூடிவைத்தேன். கொஞ்சம்தான் தேங்கியிருக்கிறது, சாயந்திரம் மொண்டால் போதும் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு மேலே ஏறி, படகுத்துறை கேட் வரைக்கும் நடந்தேன். நடையில் ஒரு துள்ளல்கூட இருந்தது.

கேட்டருகே வரும்போது அவருடைய தலையணை ஞாபகத்துக்கு வந்தது. அந்தப் பலகை மேல்தான் அதைப் போட்டிருந்தார். கதவையும் சாத்தி, இடைவெளியையும் தெர்மாகோலால் அடைத்து, மெஷின் போடுகிற இரைச்சலில் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிற மனுஷனுக்குத் தண்ணீர் ஏறுகிற சத்தம் எப்படிக் கேட்கும்? மாதாவே என்று திரும்பி ஓடினேன்.

"யோவ், அது ஏசி தண்ணி இல்ல. உப்பு கரிக்குது" என்றேன்.

அவர் சிரித்தார். உனக்கு அவளைக் கண்டாலே ஆகாது, அதனால் எதையாவது சொல்கிறாய் என்றார். நான் பலகையைத் தூக்கி, விரலை நனைத்து அவர் வாயில் திணித்தேன். மனுஷனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

ஏசி பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு இன்ஜினுக்குப் பின்னால் ஊர்ந்து போனார். தண்ணீருக்குள் படகைத் தள்ளுகிற விசிறியைச் சுற்றுகிற ராடு படகுக்கு வெளியே போகிற இடத்தில் நட்டு தளர்ந்து, கழிமுகத்துத் தண்ணீர் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஸ்பானரோடு மல்லுக்கட்ட, நான் வாளி வாளியாக மொண்டு வெளியே ஊற்றினேன். வாளி போதாமல், குழம்பைக் கொட்டிவிட்டுத் தூக்காலும் மொண்டேன். குளிரெல்லாம் போய் உள்ளே கொதித்தது. அவர் கண்ணில் வழிந்த வியர்வையை என் முந்தானையால் துடைத்தேன், பேசாமல் முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். எத்தனை காலமாயிற்று நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு வேலை செய்து! எனக்கு அது முடியவே வேண்டாம் என்று இருந்தது.

ஒருவழியாக நட்டு இறுகியது, தண்ணீர் நின்றது. கடைசி வாளியை நான் தூக்கினேன். அவர் களைத்துப்போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, படகின் சுவரை மெதுவாகத் தட்டினார்.

"ஒண்ணும் ஆவாதுமா" என்றார். "நான் கீறேன்ல."

அது என்னுடைய வார்த்தை. இடுப்பளவு தண்ணீரில் நான் வாங்கியது. எனக்கு மேலெல்லாம் எரிந்தது. வாளியை மேலே கொண்டுபோகவில்லை. நின்ற இடத்திலேயே கவிழ்த்தேன். பாதி அவர் மடியில் விழுந்தது, பாதி அவள் வயிற்றுக்கே திரும்பிப் போனது.

அவர் வாயைத் திறந்தபடி என்னையே பார்த்தார். இன்னாமே ஆச்சு உனுக்கு என்றார்.

"நீயே மொண்டு ஊத்திட்டு வூட்டுக்கு வா, சொல்றேன்" என்று காலித் தூக்கை எடுத்துக்கொண்டு படியேறினேன்.